கழற்றாத மூக்குத்தி

அக்கா,

இன்று காலை ஸ்கேன் அறை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மூக்குத்தி இறுகிவிட்டது, கழலாது என்று அடம்பிடித்தார். நான் விடவில்லை. இதற்கென்றே மேசையில் வைத்திருக்கும் எண்ணெயை விட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்து நிமிடம் திருகினேன். கழன்றது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஓர் ஈர்க்குத் துண்டைச் செருகிவிட்டேன். அவர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. மூன்று தடவை வாசலுக்குப் போய் வந்தேன்.

நீ வந்த அன்றும் இதே நாற்காலிதான். மேல் பல் ஒன்று காரணமில்லாமல் ஆடுகிறது, சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை, தாடையை முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டும் என்று பல் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நன்னிலத்தில் பஸ் ஏறி மயிலாடுதுறைக்கு, தங்கச்சி வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று சொந்த வீட்டுக்கு வருவதுபோல வந்தாய். தோட்டைக் கழற்றினாய், சங்கிலியைக் கழற்றினாய். தலையை அசைக்காதே என்றால், "மூளை இருக்கான்னும் பாத்துச் சொல்லுடி" என்று சிரித்தாய். மூக்குத்தி என்றதும் முகம் மாறிவிட்டது. அம்மா போட்டுவிட்டதாம், அன்றிலிருந்து கழற்றியதே இல்லையாம்.

"இறுகிப் போச்சுடி. மூளி மூக்கோட நான் ஊருக்குப் போக மாட்டேன்."

உலோகம் இருந்தால் படம் கெடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், உன்னோடு மல்லுக்கட்ட முடியாமல் பொத்தானை அமுக்கினேன். இயந்திரம் உன் தலையைச் சுற்றி வந்தது. திரையில் உன் தாடை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் மூக்குத்தியிலிருந்து கிளம்பிய வெள்ளைக் கோடுகள். டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். நடவுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன், ஒரு நாள் தவறினால் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள், நடவு முடிந்ததும் வருகிறேன் என்றாய். நான் சரி என்றேன். அந்தச் 'சரி'யை எத்தனை தடவை எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா?

நடவு முடிந்து களையெடுப்பு வந்தது. நீ வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள், கண்ணுக்குக் கீழே வரை பரவிவிட்டது என்றார்கள். முதலிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாதாம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உன் மேல் கோபமாக வருகிறது, அக்கா. அடுத்த நிமிடமே என் மேல்.

உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது, மூக்குத்தியைக் கழற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். எண்ணெய்க்கு வேலையே இருக்கவில்லை. இரண்டே சுற்றில் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

நீ ஸ்கேனுக்கு வந்த அன்றைக்கு நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்போது யார் இறுகிவிட்டது என்று சொன்னாலும், முதலில் என் கையால் திருகிப் பார்த்துவிடுகிறேன்.