கொழுத்த கத்தரிச் செடிகள்

காஜா பெராங், மலாக்கா
14-9-1957

அன்புள்ள சாரதாம்பாளுக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நீ வருவதற்குள் காய்க்கட்டும் என்று பன்னிரண்டு கத்தரி வைத்தேன் அல்லவா? சீக்கிரம் வளரட்டும் என்று, கித்தா என்கிற ரப்பர் மரத்துக்குப் போடும் உரத்தை வாங்கி அள்ளிக் கொட்டினேன். இங்கே அதற்குப் பாஜா என்று பெயர். செடிகள் இடுப்பளவு தளதளவென்று நின்றன. இரண்டு நாள் வெளியூர் வேலை முடிந்து நேற்று வந்து பார்த்தேன். பதினொரு செடியிலும் இலையே இல்லை, வெறும் நரம்பு! எங்கு பார்த்தாலும் புழு நெளிந்தது. பாஜா எட்டாத வேலியோரக் குட்டைச் செடியை மட்டும் ஒரு புழுவும் தொடவில்லை. அதன் இலையைக் கடித்துப் பார்த்தேன், அத்தனை கசப்பு.

பக்கத்து வீட்டு மருதமுத்து சிரித்தார். "பாஜாவ அள்ளிக் கொட்டினா எல்லாத் தெம்பும் வளர்த்திக்கே போயிரும்லா. பூச்சிய வெரட்டக் கசப்பு எங்க ஊறும்?"

ஊருக்கு வந்திருக்கும் அண்ணாமலை திரும்பக் கப்பல் ஏறும்போது கத்தரி விதையும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பு. உன் படம் ஒன்றும் வை. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

என் படத்தைப் பார்த்து, நன்றாகச் சதை போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

கலியாணசுந்தரம்