மூன்று மணிக் காற்று

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நடுக்கடலில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அங்கே உங்களைச் சிரிக்க வைக்க ஆள் இருக்கிறது. போனில் பேசினால் சண்டை வரும் என்பதால் சாமான் படகில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் காட்டத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் வியாழக்கிழமை கரண்ட் போய், லிஃப்டில் பதினெட்டு நிமிடம் மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும், கரண்ட நிறுத்துனவன் கை வெளங்காமப் போகட்டும் என்று ஏசினார். நிறுத்தியது நான்தான் என்று சொல்லவில்லை.

உங்கள் காற்றாலைகளுக்குக் காற்றைக் கணிப்பவள் அங்கிருந்து மணிக்கொரு தரம் எங்கள் மின் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசுகிறாளே, அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் காற்று ஜோசியக்காரி. அவள் எண்களைச் சொல்லும்போதெல்லாம் பின்னால் உங்கள் சிரிப்பு கேட்கிறது. கோபுரம் ஏறிப் பழுது பார்க்கிறவருக்கு அவள் அறையில் என்ன வேலை? மாதத்தில் வீட்டில் இருக்கும் பதினைந்து நாளில் ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருக்கிறீர்களா? எனக்கு வயிறு எரிகிறது. ஆமாம், பொறாமைதான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பேசினாள். நாற்பது நிமிடத்தில் காற்று பாதியாக விழும், எரிவாயு மின்நிலையத்தை இப்போதே ஓட்டச் சொல்லுங்கள் என்றாள். அது சூடேறிக் கரண்ட் தர அரைமணி ஆகும். அந்த நேரம் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். இவள் சொல்லி நான் கேட்பதா என்று போனை வைத்துவிட்டேன். திரையில் அப்போது உங்கள் உற்பத்தி அமோகமாக இருந்தது. மூன்று நாற்பதுக்குப் பொத்தென்று விழுந்தது. கடலில் காற்று விழுந்தால் அடி கரையில் எங்களுக்குத்தான். மொத்த ஊரும் நின்றுபோகாமல் இருக்க, மின்வெட்டுப் பட்டியலில் முதலில் இருந்த நம் பகுதியை வெட்டினேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் அசிங்கம். முன்னறிவிப்பு தாமதமாக வந்தது என்று பதிவேட்டில் எழுதினேன். பதினாறு வருடம் ஒரு தவறும் செய்யாதவள் என்று அதிகாரி என்னை நம்பிவிட்டார். அந்தப் போன் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்கக்கூட இல்லை. அவளைக் கரையில் ஏதோ ஒரு கிடங்குக்கு மாற்றப் போகிறார்களாம். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

அந்த ஒலிப்பதிவை நான் கேட்டேன். உங்கள் சிரிப்புக்காகத்தான், ஒன்பது முறை. பத்தாவது முறைதான் அவள் குரல் என் காதில் ஏறியது. அக்கா, ப்ளீஸ், கொஞ்சம் கேளுங்கக்கா என்று இரண்டு தடவை கெஞ்சியிருக்கிறாள். அப்புறம் நான் போனை வைக்கும் சத்தம்.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். என் நாற்காலி போகலாம். அவள் அங்கேயே இருப்பாள், உங்களுக்குப் பக்கத்து அறையில். இதை எழுதும்போதும் எரியத்தான் செய்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்முன் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். அவள் கணிப்பு சரியாகத்தான் இருந்தது என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது மட்டும் சிரிக்காதீர்கள்.

என்றும் உங்கள்
வீட்டுக்காரி