தூக்கிப் பார்த்தா வாங்குவது கம்ப்யூட்டர்?

“கனமா இருந்தாத்தான் உள்ள சரக்கு இருக்கும்னு சொல்றேன்…”

“அப்பா, இது அய்யலூர்ச் சந்தை ஆடு இல்ல, கீழ வைங்க…”

நேற்று கம்ப்யூட்டர் கடையில் நீங்களும் தமிழ்மதியும் மாறி மாறிக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நாற்பது வருசம் ஆடு வாங்கி விற்ற கை, ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி எடை பார்த்தது. கடைக்காரர் சிரித்தார். மகள் வெளியே போய்விட்டாள். மூன்று கடை ஏறி இறங்கியும் வெறுங்கையோடு வந்தோம். என் கால் இரண்டும் கழன்றுவிட்டன.

இன்றைக்கு நானும் அவளும் மட்டும் போகிறோம். அவள் சொல்கிற சின்னப் பெட்டியையே வாங்கப் போகிறோம். டிவி மாதிரித் திரை, கீபோர்டு எல்லாம் சேர்ந்த செட்டாம். வீட்டிலிருந்து கம்பெனிக் கணக்குப் பார்க்க அது போதுமாம். திங்கட்கிழமைக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் மறுபடியும் சென்னை ஹாஸ்டலுக்கே போய்விடுவாள்.

சோறு வடித்து வைத்திருக்கிறேன். வெஞ்சனம் கத்தரிக்காய். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டில் கொடுங்கள். பதினொரு மணிக்கு நெட் கனெக்‌ஷன் கொடுக்க ஆள் வருவார். அவள் அறையைக் காட்டுங்கள், சந்தைக் கதையை ஆரம்பிக்காதீர்கள்.

மாத்திரை ஃபிரிட்ஜ் மேல்.

இன்னொன்று. அவள் இங்கேயே தங்க வேண்டும், பெட்டி பல வருசம் உழைக்க வேண்டும் என்றுதான் எடை பார்த்தீர்கள். எனக்குத் தெரியும், அவளிடம் நீங்கள் சொல்லவில்லை. நேற்றுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதோடு கேட்டாள்:

“எதை எடுத்தாலும் வேணாங்கிறாரே, நான் இங்க இருக்குறது அப்பாவுக்குப் பிடிக்கலையாம்மா?”