அம்மாவை இழுக்காத ஒரே வசவு

தலையில் குட்டிக் குட்டியே என்னைப் படிக்கவைத்த என் அண்ணனுக்கு,

இன்று நான் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டேன். என் வகுப்புப் பையன்தான். ஜாமெட்ரி பாக்ஸின் விளிம்பு பட்டு நெற்றி கிழிந்தது. சட்டைக் காலர் வரைக்கும் ரத்தம். அடிக்கும்போது உன் வார்த்தையும் வாயில் வந்துவிட்டது. ஃபக்.

அதை நான் அகராதியில் தேடியிருக்கிறேன். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று அரைப் பக்கம் இருக்கிறது. நீ சொன்ன விதங்களில் பாதிகூட அதில் இல்லை. சுரங்கத்தில் கரி ஏற்றும் பெல்ட் அறுந்தால் அதைச் சொல்வாய். கருவாட்டுக் குழம்பு ருசித்தாலும் அதுதான். நான் முதல் ரேங்க் வாங்கியபோது, சாமி கும்பிடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாய். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்க வந்தபோது, அவர் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அதையே உறுமினாய்.

"ஏண்டா, தமிழ்ல திட்டுனா ஆவாதா?" என்று அம்மா கேட்டாள்.

"தமிழ்ல திட்டணும்னா ஒருத்தன் அம்மாவ இழுக்கணும், இல்ல சாதிய இழுக்கணும். இது யாரையும் இழுக்காதும்மா. சும்மா காத்துல போயிடும்."

ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் மேல்தெரு ஆட்கள் நம் அம்மாவையும் இழுத்தார்கள், சாதியையும் இழுத்தார்கள். பிறகு இரும்புக் குழாயால் உன்னை அடித்தார்கள். உன்னோடு கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர் வீட்டுக்கு வந்து சொன்னார்: "அவன் கைய ஓங்கவே இல்ல பாப்பா. அந்த இங்கிலீஷ் வார்த்தையச் சொல்லிகினேதான் வுழுந்தான்."

எந்தக் குரலில் சொன்னாய் அண்ணா? வலியிலா? கோபத்திலா? எங்களை நினைத்துக்கொண்டா?

இன்று அந்தப் பையன் நீ செத்து விழுந்து கிடந்ததை நடித்துக் காட்டிச் சிரித்தான். அம்மாவை வைத்து அவர்கள் சொன்ன அதே தமிழ் வார்த்தையைச் சொன்னான். பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டு, அடித்ததைப் பற்றி ஒரு வரிதான் பேசினார். மீதியெல்லாம் உன் வார்த்தையைப் பற்றி.

"பொம்பளப் புள்ள வாயில வர்ற வார்த்தையா இது?"

"அவன் சொன்னது, மேடம்?"

"அத விடு. ஊர்ல எல்லாரும் பேசுறதுதான்."

நாளை பிரேயரில் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் டி.சி. இது பொதுத்தேர்வு எழுதும் வருஷம் வேறு.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே, "மண்டைய உடைச்சியே, அதுக்குக் கேளு. அவனப் பெத்தவளுக்கு வயிறு எரிஞ்சிருக்கும். வார்த்தைக்கு எதுக்குடி?" என்றாள்.

அப்படியே செய்யப்போகிறேன். அவன் முகத்தைப் பார்த்து, அடித்ததற்கு மன்னிப்புக் கேட்பேன். குழாயைத் தூக்கியவர்கள் பக்கம் நான் நிற்கக் கூடாது. வார்த்தைக்குக் கேட்க மாட்டேன். அவன் சொன்னது கெட்ட வார்த்தையா இல்லையா என்று அதே மைக்கில் மேடத்தைக் கேட்பேன். டி.சி. கொடுத்தால் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறிப் போய், அங்கே பள்ளியில் சேர்ந்து படித்துப் பரீட்சை எழுதுவேன். இனி என் கை யார் மேலும் ஓங்காது. இது உனக்குச் செய்யும் சத்தியம்.

நாளைக் காலை வரைக்கும் இந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் இருக்கும்
உன் தங்கச்சி