மூடியில் கை வைக்காதே

வாயாடிப் பயலே,

உன் கோபம் தீர்ந்ததா என்று கேட்க இதை எழுதவில்லை. முதலீட்டாளர் அம்மாவைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தேன், அதைச் சொல்லத்தான்.

மருந்துக்கடை ஃப்ரிட்ஜ் சூடானால் கத்துகிற நம் பெட்டியை மேசையில் வைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இது யாருக்குப்பா வேணும்?" சென்சாரின் துல்லியத்தைச் சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டார். உள்ளே பார்த்தால் புரியுமே என்று மூடியைக் கழற்றினேன். "மூடியில மட்டும் கை வைக்காதடா" என்பாய், தெரியும். ஸ்குரூ உருண்டு ஓடிவிட்டது. மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டே பேட்டரியை விளக்கினேன். மேலிருந்து குரல் வந்தது: "தம்பி, நான் பெட்டி வாங்கப் போறதில்ல. வாங்கப் போறவரைக் காட்டுங்க."

என்ன தலைவலிடா இது! இத்தனை உழைப்பு கண்முன்னால் கிடக்கிறது, அவருக்கு ஆள் வேண்டுமாம்!

கெட்டுப்போன இன்சுலினைக் குப்பையில் கொட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாரே அந்தக் கடைக்காரர், அவர் படத்தை நம் திட்ட அறிக்கையிலிருந்து நான் தூக்கியதற்குத்தானே கதவை அறைந்துவிட்டுப் போனாய்? முதல் பக்கத்தில் திரும்ப வைத்துவிட்டேன். அவர் கதையைக் கண்ணாடி முன் சொல்லியும் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே வோல்டேஜுக்குப் போய்விடுகிறேன். அவர் அழுதது உன்னிடம்தானே, என்னிடமா?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த அம்மா இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார். அதிலும் சொதப்பினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பெட்டியின் மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இனி நானே நினைத்தாலும் திறக்க முடியாது.

இப்படிக்கு,
நீ 'ஸ்குரூடிரைவர்' என்று கூப்பிடுகிறவன்