வேலிக்கு வேலி தென்னை

1984 மாசி, வியாழன் இரவு

"ஓம் மச்சான், உன்ட தென்னைதான் பெரிசு. நான் இல்லையெண்டா சொன்னன்?"

இதைத் தேத்தண்ணிக் கடையிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன், கேட்க ஆளில்லை.

என் பெண்சாதியின் தம்பி இஸ்மாலெவ்வை இன்று இறக்காமத்திலிருந்து என்னைத் தேடி அந்தக் கடைக்கு வந்தான். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வைத்திருந்த வளவுக் காணியில் யானை புகுந்து, காய்க்கத் தொடங்கிய தென்னைகளைச் சாய்த்துவிட்டதாம். வேலியோரம் கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைத்திருக்கிறானாம். யானையின் கால் கம்பியில் பட்டால் வெடிக்கும்.

"தென்னை கல்முனையில வேலிக்கு வேலி நிக்குது. ஆனையைச் சுட்டுப்போட்டு எந்தச் சந்தையில மறுகா வாங்கப்போறாய்?" என்றேன்.

"உங்களுக்குப் பகிடி, மச்சான். அது என்ட புள்ளைக்கு வெச்ச மரம்."

"புதுசா வெச்சா நாலைஞ்சு வருசத்துல காய்க்கும்டா. ஆனைக்குட்டி வகுத்துக்குள்ளயே ரெண்டு வருசம் கிடக்கும். உன்னைப் பத்து மாசம் சுமந்ததுக்கே மாமி பட்ட பாடு!"

கடையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

என் வளவில் தென்னங்கன்றுகள் முளைத்துக் கிடக்கின்றன. அவற்றை அவனுக்குத் தருவதாகத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். பாழாய்ப்போன பகிடி முந்திவிட்டது. இந்நேரம் அந்தக் கம்பி இருட்டில் இழுத்துக்கட்டியபடி இருக்கும். யானை எந்தப் பக்கம் நிற்கிறதோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கடையில் அவன் எழும்பிப் போனதும்தான் பின்னாலேயே கத்தினேன். "மச்சான், நில்லு! என்ட வளவுல கன்று கிடக்கு, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ. அந்தத் துவக்க மட்டும்..."

திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.