பெயர் போட்ட படிவம்

அடியே ராங்கிக்காரி,

நீ பேச்சை நிறுத்தி மூன்று வருடமாகிறது. கிழித்துப் போடாமல் படி.

ஆபீஸில் வருடாவருடம் பெயர் போடாமல் நிரப்புவோமே, அந்தக் கருத்துப் படிவத்தில் இந்த முறை நம் வயதுக்காரர்கள் இருபத்து மூன்று பேரும் பெயர் போட்டே எழுதினோம். வேலையை விடும் முன் நீ கேட்ட அதே கேள்வி: "நாமெல்லாம் ஒரே குடும்பம்னா, அம்மா ஆபரேஷனுக்கு ஏன் லீவு இல்ல?"

மீட்டிங்கில் மேனேஜர் கத்தினார். "யாரு இதை ஆரம்பிச்சது?"

நான் எழுந்தேன். பின்னாலேயே இருபத்திரண்டு நாற்காலிகள் நகர்ந்தன. இன்று காலை ஆர்டரே வந்துவிட்டது: குடும்ப அவசரத்துக்குக் கேட்கும் லீவை இனி யாரும் மறுக்க முடியாது!

அன்று நீ தனியாக நின்றபோது, நான் அணைந்திருந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அதை மூடிவிட்டுத்தான் எழுந்தேன்டி.

உன் பக்கத்து சீட்டுக்காரி